வாட்டரா, வாடரா? – ஆங்கில உச்சரிப்பு நாட்டுக்கு நாடு மாறுவது ஏன்?

எட்டாம் வகுப்பில் ஆங்கிலப் பாடவேளை. முந்தைய நாள் பார்த்த கிரிக்கெட் போட்டியைப் பற்றியே வகுப்பு முழுக்கப் பேச்சு. நான் பாடத்தைத் தொடங்கும் முன் ஒரு மாணவன் எழுந்தான்.

"டீச்சர், நேத்து கமென்ட்ரியில ஒரு ஆஸ்திரேலியாக்காரர் 'டுடே'ன்னு சொல்லாம 'டுடை', 'டுடை'ன்னே சொல்லிக்கிட்டிருந்தாரு. அவரை யாரும் திருத்த மாட்டாங்களா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. நான் என்ன பதில் சொல்லப்போகிறேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன் அவள் பாடத்தை வாசித்தபோது 'எக்' என்ற சொல்லை 'யெக்' என்றாள். "யெக் இல்லம்மா, எக்" என்றேன். மறுபடியும் 'யெக்' என்றாள். மூன்றாம் முறை நான் திருத்தியபோது வகுப்பு சிரித்துவிட்டது. அன்றிலிருந்து அவள் கை உயர்த்துவதே இல்லை. வாசிக்கச் சொன்னால் எழுந்து தலைகுனிந்து நிற்பாள்.

'யெக்' சொன்னவளைத் திருத்தினேன். 'டுடை' சொன்னவரை ஏன் யாரும் திருத்துவதில்லை? அந்த மாணவனின் கேள்விக்கு அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. "அது அவங்க ஆக்சென்ட்" என்று சொல்லிச் சமாளித்தேன். பிறகு தேடிப் படித்தேன். படித்ததையும், அதனால் என் வகுப்பில் நான் மாற்றிக்கொண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஆக்சென்ட் என்றால் என்ன?

ஒரு மொழியைப் பேசும்போது ஒலிகளையும், அழுத்தத்தையும், ஏற்ற இறக்கத்தையும் ஒருவர் கையாளும் முறையே ஆக்சென்ட். சொற்களும் இலக்கணமும் சேர்ந்து மாறினால் அதை வட்டார வழக்கு என்கிறோம். ஒலி மட்டும் மாறினால் அது ஆக்சென்ட், அதாவது உச்சரிப்பு வழக்கு.

இதைப் புரிந்துகொள்ள நாம் தொலைவில் போக வேண்டியதில்லை. 'வாழைப்பழம்' என்ற ஒரு சொல் போதும். தென்மாவட்டங்களில் பலர் 'வாளப்பளம்' என்பார்கள். சென்னையில் 'வாயப்பயம்' என்று கேட்கலாம். மூவரும் ஒரே பழத்தைத்தான் கேட்கிறார்கள். கடைக்காரரும் கொடுத்துவிடுகிறார்.

ஆக்சென்ட் இல்லாமல் பேசுபவர் உலகில் எவரும் இல்லை. 'அவருக்கு ஆக்சென்டே இல்லை' என்று நாம் சொன்னால், அவருடைய ஆக்சென்ட் நமக்குப் பழகிப்போய்விட்டது என்றுதான் பொருள்.

'கட்' வேறு, 'புட்' வேறு: ஏன்?

சி-யு-டி என்றால் 'கட்'. பி-யு-டி என்றால் 'புட்'. இது என்ன நியாயம் என்று கேட்காத மாணவர் உண்டா? இந்தக் கேள்விக்கான விடை இங்கிலாந்தின் வட்டார உச்சரிப்பில் இருக்கிறது.

ஒரு காலத்தில் இவ்விரு சொற்களிலும் 'உ' ஒலிதான் இருந்தது. அதனால்தான் இரண்டுக்கும் ஒரே எழுத்து. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தென்பகுதியில் 'உ' ஒலி பல சொற்களில் மெல்ல 'அ' ஒலியை நோக்கி நகர்ந்தது. 'குட்' என்றது 'கட்' ஆனது. 'குப்' என்றது 'கப்' ஆனது. 'லுவ்' என்றது 'லவ்' ஆனது. 'புட்', 'ஃபுல்', 'புஷ்' போன்ற சில சொற்கள் மட்டும் பழைய ஒலியிலேயே நின்றுவிட்டன. ஆனால் வடபகுதிக்கு இந்த மாற்றம் போய்ச் சேரவில்லை. இன்றும் யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளில் பலர் தேநீர்க் கோப்பையைக் 'குப்' என்றே சொல்வதைக் கேட்கலாம். அவர்கள் ஊரில் 'கட்', 'புட்' சிக்கலே இல்லை. இரண்டுமே 'உ'தான்.

இதைவிடப் பெரிய மாற்றம் ஏறத்தாழ 1400-க்கும் 1700-க்கும் இடையில் நடந்தது. ஆங்கிலத்தின் நெட்டுயிர் ஒலிகள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக இடம் மாறின. அதற்கு முன் 'நேம்' என்ற சொல்லை 'நாம' என்பதுபோல ஒலித்தார்கள். 'டைம்' என்பது 'டீம' போலவும், 'ஹவுஸ்' என்பது 'ஹூஸ்' போலவும் இருந்தன. இதற்கிடையே 1476-இல் வில்லியம் கேக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கினார். அச்சு வந்தபின் எழுத்து மெல்ல மெல்ல உறைந்தது. நாக்கோ நகர்ந்துகொண்டே இருந்தது. இன்று ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றும் ஒலி ஒன்றுமாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். ஸ்காட்லாந்தில் இன்றும் சிலர் வீட்டை 'ஹூஸ்' என்று சொல்வதைக் கேட்டால் பழைய ஒலியின் எச்சம் காதில் விழும்.

பொதுவாக, ஒரு மொழி எங்கே நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறதோ அங்கே அதன் வேறுபாடுகள் அதிகம். 5-ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கிள், சாக்சன், ஜூட் எனப் பல குழுவினர் கடல் கடந்து வந்து பிரிட்டனின் வெவ்வேறு பகுதிகளில் குடியேறினார்கள். அவர்கள் பேச்சில் அப்போதே வேறுபாடு இருந்தது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளில் அது மேலும் கிளைத்தது. லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். ஆனால் பேச்சைக் கேட்டே எந்த ஊர்க்காரர் என்று சொல்லிவிடுவார்கள். 1840-களில் அயர்லாந்தில் ஏற்பட்ட பஞ்சத்தின்போது பெருந்திரளான ஐரிஷ் மக்கள் லிவர்பூல் துறைமுகத்துக்கு வந்து தங்கினார்கள். அவர்களின் பேச்சு லிவர்பூல் உச்சரிப்பில் கலந்தது.

தொலைந்துபோன 'ர்'

இங்கிலாந்தின் தென்பகுதியில் 'கார்' என்ற சொல்லை இன்று பெரும்பாலோர் 'கா' என்றே முடிப்பார்கள். உயிரொலிக்குப் பின்வரும் 'ர்' அங்கே ஒலிப்பதில்லை. அமெரிக்கர்களில் பெரும்பாலோர் 'ர்' ஒலியைத் தெளிவாகச் சொல்வார்கள். இதில் யார் மாறியவர்?

மாறியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள்தான். ஆங்கிலேயர் அமெரிக்காவில் ஜேம்ஸ்டவுனில் குடியேறியது 1607-இல்; பிளிமத்தில் குடியேறியது 1620-இல். அப்போது இங்கிலாந்தில் பெரும்பாலும் எல்லோரும் 'ர்' ஒலித்தார்கள். குடியேறியவர்கள் அந்த ஒலியைத் தங்களோடு எடுத்துச் சென்றார்கள். 18-ஆம் நூற்றாண்டில்தான் லண்டனிலும் அதைச் சுற்றியும் 'ர்' மெல்ல மறையத் தொடங்கியது. லண்டனோடு நெருங்கிய வணிகத் தொடர்பு வைத்திருந்த பாஸ்டன், நியூயார்க் போன்ற கிழக்குக் கடற்கரை நகரங்களிலும் 'ர்' மறைந்தது. உள்நாட்டை நோக்கிப் போனவர்களிடம் அது தங்கிவிட்டது. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் 'ர்' மறையவே இல்லை.

'குளிப்பது' என்ற பொருள் தரும் 'பாத்' என்ற சொல்லும் இப்படித்தான். தென் இங்கிலாந்தில் 'பாத்', வட இங்கிலாந்தில் குறுகி 'பத்', அமெரிக்காவில் 'பேத்'. நீட்டிச் சொல்லும் வழக்கம் தென் இங்கிலாந்தில் பிற்காலத்தில் தோன்றியது. குறுகிய ஒலியே பழையது.

தண்ணீரைக் குறிக்கும் சொல்லில் அமெரிக்கர்கள் 'ட்' ஒலியை நாவால் லேசாகத் தட்டிவிட்டு 'வாடர்' என்கிறார்கள். நாம் 'பாடம்' என்று சொல்லும்போது 'ட' மென்மையாவதோடு இதை ஒப்பிடலாம். லண்டன் உழைக்கும் மக்கள் பலர் அந்த 'ட்' ஒலியை வாயில் ஒலிக்காமல் தொண்டையிலேயே ஒரு நொடி நிறுத்திவிட்டு அடுத்த ஒலிக்குப் போய்விடுவார்கள்.

ஒரு கடையில் கேட்ட கேள்வி

1962-இல் நியூயார்க் நகரில் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் எளிய ஆய்வு ஒன்றைச் செய்தார். பணக்காரர் செல்லும் கடை, நடுத்தர மக்கள் செல்லும் கடை, மலிவு விலைக் கடை என மூன்று பெரிய கடைகளைத் தேர்ந்தெடுத்தார். நான்காம் தளத்தில் இருக்கும் ஒரு பொருளைக் குறிப்பிட்டு, அது எங்கே கிடைக்கும் என்று ஊழியர்களிடம் கேட்டார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்ற விடை வரும். அதில் இரண்டு இடங்களில் 'ர்' உண்டு. காதில் விழாததுபோல மறுபடியும் கேட்பார். அப்போது ஊழியர் சற்றுக் கவனமாகச் சொல்வார். இரண்டையும் மறைவாகப் போய்க் குறித்துக்கொள்வார்.

'ர்' ஒலியை முழுமையாகவோ ஓரளவோ பயன்படுத்தியவர்கள் முதல் கடையில் 62 சதவீதம், இரண்டாவதில் 51, மூன்றாவதில் 20. அந்தக் காலத்து நியூயார்க்கில் 'ர்' சொல்வது உயர்வின் அடையாளமாகிவிட்டது. அதே காலத்தில் இங்கிலாந்தில் நிலைமை தலைகீழ். அங்கே 'ர்' சொல்லாமல் விடுவதுதான் உயர்வு. 'ர்' சொன்னால் நாட்டுப்புறத்தான்.

ஒரே ஒலி கடலின் இந்தக் கரையில் பெருமை, அந்தக் கரையில் இழிவு. அப்படியானால் உயர்வும் தாழ்வும் ஒலியில் இல்லை. அதைப் பேசுபவரின் செல்வத்தையும் அதிகாரத்தையும் பார்த்து நாம் ஒலிக்குப் போடும் மதிப்பெண் அது. இந்த ஓர் உண்மையை அறிந்தபோது என் கையிலிருந்த சிவப்பு மையின் மீதே எனக்குச் சந்தேகம் வந்தது.

உச்சரிப்பைப் படைப்பவர்கள் குழந்தைகள்

1788 ஜனவரியில் பதினொரு கப்பல்கள் ஆஸ்திரேலியாவை அடைந்தன. அவற்றில் வந்தவர்களில் பெரும்பாலோர் தண்டிக்கப்பட்ட கைதிகளும் அவர்களின் காவலர்களும். லண்டன், தென்கிழக்கு இங்கிலாந்து, பிறகு அயர்லாந்து எனப் பல பகுதி மக்கள் அடுத்தடுத்து வந்து சேர்ந்தார்கள். பெரியவர்கள் தங்கள் ஊர்ப் பேச்சையே கடைசிவரை பேசினார்கள். அங்கே பிறந்த குழந்தைகள் என்ன செய்தார்கள்? தெருவில் கூடி விளையாடியபோது, எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஒலிகளை வைத்துக்கொண்டு, அரிதாக இருந்தவற்றைக் கைவிட்டார்கள். இப்படி ஒரு புதிய உச்சரிப்பு பிறந்தது. இத்தனை பெரிய நாட்டில் ஊருக்கு ஊர் உச்சரிப்பு வேறுபாடு மிகக் குறைவாக இருப்பதற்கும் அந்தத் தொடக்கக் கலப்பே காரணம்.

இந்த நிகழ்வுக்கு நியூசிலாந்தில் ஒலிச்சான்றே இருக்கிறது. 1840-இல் வைதாங்கி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அங்கே பிரிட்டிஷ் குடியேற்றம் பெருகியது. 1946-க்கும் 1948-க்கும் இடையே அந்நாட்டு வானொலியின் நடமாடும் ஒலிப்பதிவுக் குழு ஊர் ஊராகச் சென்று முதியவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்தது. அவர்களில் பலர் 1850-களிலும் அதற்குப் பிந்தைய பத்தாண்டுகளிலும் பிறந்தவர்கள். பல ஆண்டுகளுக்குப் பின் கேன்டர்பரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். முதல் தலைமுறைப் பிள்ளைகளின் பேச்சில் பல ஊர் ஒலிகள் தாறுமாறாகக் கலந்திருந்தன. அடுத்த தலைமுறையில் அது ஒரே சீரான நியூசிலாந்து உச்சரிப்பாக உருவெடுத்தது. தெற்கே, ஸ்காட்லாந்துக்காரர்கள் அதிகம் குடியேறிய சவுத்லாந்து பகுதியில் மட்டும் 'ர்' ஒலி இன்றும் கேட்கிறது.

இன்று நியூசிலாந்து வர்ணனையாளர் 'பென்' என்று சொன்னால் நம் காதில் 'பின்' என்று விழும். 'ஃபிஷ்' என்று சொன்னால் 'ஃபஷ்' போல இருக்கும். பக்கத்து நாடான ஆஸ்திரேலியாவில் அதே சொல் 'ஃபீஷ்' என்பதுபோல ஒலிக்கும். இதை வைத்து இரு நாட்டாரும் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வது வழக்கம்.

இதில் பள்ளியின் பங்கும் உண்டு. இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் என்ற புதிய நகரம் 1967-இல் அறிவிக்கப்பட்டது. பல பகுதிகளிலிருந்து குடும்பங்கள் வந்து குடியேறின. 1990-களின் தொடக்கத்தில் பால் கெர்ஸ்வில், ஆன் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர்கள் அங்கே 4, 8, 12 வயதுக் குழந்தைகளின் பேச்சைப் பதிவுசெய்தார்கள். நான்கு வயதுக் குழந்தைகளின் உச்சரிப்பு பெற்றோரை ஒத்திருந்தது. பள்ளிக்குச் செல்லும் பெரிய பிள்ளைகளின் உச்சரிப்பு நண்பர்களை ஒத்திருந்தது. வீடு கொடுக்கும் ஒலியைப் பள்ளி மைதானம் மாற்றி எழுதுகிறது.

நான் யார் என்பதன் அடையாளம்

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் மார்த்தாஸ் வினியார்ட் என்ற சிறு தீவு உண்டு. கோடைக்காலத்தில் சுற்றுலாப் பயணிகள் அங்கே வந்து குவிவார்கள். 1963-இல் லபோவ் வெளியிட்ட ஆய்வில், 'ஹவுஸ்', 'ரைட்' போன்ற சொற்களைத் தீவு மக்கள் தனி முறையில் ஒலிப்பதையும், அது சிலரிடம் வலுத்து வருவதையும் காட்டினார். யாரிடம் வலுத்தது? 'இது என் ஊர், இங்கேதான் வாழ்வேன்' என்று உறுதியாக இருந்தவர்களிடம், குறிப்பாக மீனவர்களிடம். தீவைவிட்டுப் போக நினைத்தவர்களிடம் அது குறைவாகவே இருந்தது.

ஒருவரின் உச்சரிப்பை நாம் கேலி செய்யும்போது நாக்கை மட்டும் கேலி செய்யவில்லை. அவருடைய வீட்டையும் தெருவையும் ஊரையும் சேர்த்தே கேலி செய்கிறோம்.

'சரியான' உச்சரிப்பு யாருடையது?

'பிரிட்டிஷ் உச்சரிப்பு' என்று நாம் நினைப்பது உண்மையில் ஒரு சிறு கூட்டத்தாருடையது. 1917-இல் டேனியல் ஜோன்ஸ் ஆங்கில உச்சரிப்பு அகராதி ஒன்றை வெளியிட்டார். தென் இங்கிலாந்தில், பணக்காரப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிகளில் வழங்கிய உச்சரிப்பை அவர் அடிப்படையாகக் கொண்டார். பிறகு அதற்கு 'ரிசீவ்ட் புரொனன்சியேஷன்', அதாவது 'ஏற்கப்பட்ட உச்சரிப்பு' என்ற பெயர் நிலைத்தது. 1922-இல் தொடங்கிய பிபிசி வானொலி அந்த உச்சரிப்பை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் யார்க்‌ஷயரைச் சேர்ந்த வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் தம் ஊர் உச்சரிப்பில் பிபிசி செய்தி வாசித்தபோது நேயர்கள் பலர் புகார் செய்தார்கள். இன்றோ பிபிசியில் பல வட்டார உச்சரிப்புகளும் ஒலிக்கின்றன. எது 'சரி' என்பதும் காலத்தோடு மாறுகிறது.

நம் பிள்ளைகளின் ஆங்கிலம்

இப்போது அந்த 'யெக்'குக்கு வருவோம். பேச்சுத்தமிழில் 'எனக்கு' என்பதை 'யெனக்கு' போலவும் 'ஒண்ணு' என்பதை 'வொண்ணு' போலவும் சொல்கிறோம். எகரத்துக்கு முன் யகரமும் ஒகரத்துக்கு முன் வகரமும் தாமாக ஒட்டிக்கொள்ளும். 'யெக்' என்றவள் ஆங்கிலத்தில் தவறவில்லை. தமிழின் ஒலிவிதியை அப்படியே கடைப்பிடித்தாள்.

'புக்கு', 'கேட்டு' என்று முடிப்பதும் இத்தகையதே. வல்லின மெய் தமிழ்ச்சொல்லின் இறுதியில் வராது என்று இலக்கணத்தில் நாமே கற்பிக்கிறோம். அந்த விதிக்குப் பழகிய நாக்கு ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. 'ஹேப்பி', 'சம்மர்' என்று இரட்டை எழுத்தை அழுத்திச் சொல்வதும் தமிழில் இரட்டித்த மெய் உண்மையிலேயே இரட்டித்து ஒலிப்பதால்தான். 'திங்க்' என்று பல்லில் நாவைத் தொட்டு 'த்' சொல்கிறோம். அயர்லாந்திலும் பலர் கிட்டத்தட்ட அப்படியே சொல்கிறார்கள்.

நமக்குச் சாதகமானவையும் உண்டு. தமிழில் குறில் நெடில் வேறுபாடு உண்டு. ஆகவே 'ஷிப்', 'ஷீப்' இரண்டையும் நம் பிள்ளைகள் எளிதில் வேறுபடுத்திவிடுவார்கள். வேறு பல மொழியினருக்கு இது கடினம்.

அப்படியானால் எதையும் திருத்த வேண்டாமா? அப்படி இல்லை. இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

எதைத் திருத்துவது, எதை விடுவது?

1995-இல் கனடாவைச் சேர்ந்த முன்ரோ, டெர்விங் என்ற ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான உண்மையைக் காட்டினார்கள். வேற்றுமொழிச் சாயல் பலமாக இருந்தாலும் பேச்சு தெளிவாகப் புரியலாம். சாயல் வேறு, புரிதல் வேறு. ஆகவே, நான் என்னிடம் கேட்டுக்கொள்ளும் கேள்வி இப்போது ஒன்றுதான்: 'இந்த ஒலியால் பொருள் மாறுகிறதா?'

பொருள் மாறும் இடங்கள் சில உண்டு. கட்டுதல், முதுகு, பை ஆகிய மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் மூன்றும் 'பேக்'தான். தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ப வல்லொலியாகவும் மெல்லொலியாகவும் ஒலிக்கும். ஆங்கிலத்தில் அவை தனித்தனி ஒலிகள். பாடநூலில் ஆங்கிலச் சொல்லுக்கு மேல் பென்சிலால் தமிழில் எழுதிப் படிக்கும் பழக்கம் இந்தச் சிக்கலை வளர்த்துவிடுகிறது. இது திருத்த வேண்டியது.

இரண்டாவது, சொல்லில் அழுத்தம் விழும் இடம். தமிழில் அழுத்தத்தை மாற்றினால் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் 'பிரசென்ட்' என்ற சொல்லில் முதல் அசையை அழுத்தினால் பரிசு. இரண்டாம் அசையை அழுத்தினால் வழங்குதல். ஆர். கே. பன்சல் 1969-இல் வெளியிட்ட இந்திய ஆங்கிலம் பற்றிய ஆய்வில், பிறருக்கு நம் பேச்சு புரியாமல் போவதற்குத் தவறான சொல்லழுத்தம் ஒரு முக்கியக் காரணம் என்று காட்டினார்.

2000-இல் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் தம் நூலில், வெவ்வேறு தாய்மொழியினர் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எவை தவறினால் புரியாமல் போகிறது என்று பட்டியலிட்டார். பெரும்பாலான மெய்யொலிகள், உயிரொலியின் நீளம், வாக்கியத்தில் முதன்மை அழுத்தம் ஆகியவை அதில் உண்டு. நாம் மணிக்கணக்கில் பயிற்சி கொடுக்கும் 'திங்க்' சொல்லின் முதல் ஒலி அதில் இல்லை.

ஆக, என் வகுப்பில் இப்போது 'யெக்', 'புக்கு' இவற்றுக்காகப் பாடத்தை நிறுத்துவதில்லை. சரியான ஒலியை என் பேச்சில் இயல்பாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறேன். கேட்டுக் கேட்டு அது தானே வரும். 'பேக்' மூன்றையும் சொல்லழுத்தத்தையும் பயிற்சியாகவே நடத்துகிறேன்.

வகுப்பறையில் செய்து பார்க்கலாம்

1. நம் ஊர்ப் பேச்சு: 'வாழைப்பழம்', 'அங்கே', 'வந்துவிட்டார்கள்' போன்ற சொற்களைத் தம் தாத்தா பாட்டி, பிற ஊர் உறவினர் எப்படிச் சொல்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டு வந்து சொல்லட்டும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து நடத்தலாம்.

2. கிரிக்கெட் காது: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து, மேற்கிந்தியத் தீவு வர்ணனையாளர்கள் பேசும் பகுதிகளை இரண்டிரண்டு நிமிடம் கேட்கச் செய்யுங்கள். எந்தச் சொல் வேறாக ஒலித்தது என்று குறிக்கட்டும். யார் பேசியது நன்று என்று கேட்க வேண்டாம். என்ன சொன்னார் என்று மட்டும் கேளுங்கள்.

3. தொண்டையும் தாளும்: தொண்டையில் விரல் வைத்து 'ஸ்' என்று நீட்டச் சொல்லுங்கள், பிறகு தேனீபோல ரீங்கரிக்கச் சொல்லுங்கள். அதிர்வின் வேறுபாடு விரலில் தெரியும். அடுத்து, வாய்க்கு முன் ஒரு தாள்துண்டைப் பிடித்துப் 'பேனா'வுக்கான ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலியைக் காற்றோடு சொல்ல வேண்டும். தாள் அசையும். 'பந்து'க்கான ஆங்கிலச் சொல்லுக்கு அவ்வளவாக அசையாது.

4. பட அட்டை: முதுகு, பை, பொருள்களைக் கட்டுதல் ஆகிய மூன்று படங்கள். ஒருவர் சொல்லைச் சொல்ல, எதிரில் இருப்பவர் படத்தை எடுக்க வேண்டும். சரியான படம் வந்தால் உச்சரிப்பு வெற்றி. இங்கே மதிப்பெண் போடுபவர் ஆசிரியர் அல்லர், கேட்பவரே.

5. கைதட்டல்: 'ஃபோட்டோகிராஃப்' சொல்லில் முதல் அசைக்கு ஓங்கித் தட்ட வேண்டும். 'ஃபொடாகிரஃபர்' சொல்லில் இரண்டாம் அசைக்கு. 'ஃபோட்டோகிராஃபிக்' சொல்லில் மூன்றாம் அசைக்கு. தொடக்க வகுப்பில் இதை விளையாட்டாகவே நடத்தலாம்.

6. ஒரு வகுப்பு விதி: யாருடைய உச்சரிப்புக்கும் சிரிக்கக் கூடாது. புரியவில்லையென்றால் 'ஒன்ஸ் மோர், ப்ளீஸ்' என்று கேட்கலாம். இந்த விதி ஆசிரியருக்கும் பொருந்தும்.

அந்த மாணவிக்குச் சொன்ன பதில்

சில நாள்கள் கழித்து அந்த மாணவனின் கேள்வியை நானே வகுப்பில் மறுபடி எழுப்பினேன். "அவரைத் திருத்த வேண்டியதில்லை. அவர் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அவர் சொன்னது நமக்குப் புரிந்தது. அது போதும்" என்றேன். பிறகு, "போன மாதம் 'யெக்' என்று சொன்னதற்காக நான் அத்தனை முறை நிறுத்தியிருக்கக் கூடாது. அதுவும் எனக்குப் புரிந்ததுதான்" என்றும் சொன்னேன். வகுப்பு அமைதியாக இருந்தது.

அந்த மாணவி அன்றே கை உயர்த்திவிடவில்லை. இரண்டு வாரம் ஆயிற்று. பட அட்டை விளையாட்டில் அவள் முறை வந்தது. அவள் சொன்னதும் எதிரில் இருந்தவள் பைக்குப் பதிலாக முதுகுப் படத்தை எடுத்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவளே தொண்டையில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு, "இருங்க டீச்சர், மறுபடி சொல்றேன்" என்றாள்.

திருத்தம் வேண்டும் என்று அவளே கேட்டது அதுதான் முதல் முறை.